காதைத் தூக்கினால் பாக்கெட்

சென்ற இதழில் நான் என் பேத்திக்குக் குரோஷாவில், அதாவது கொக்கி ஊசியில், பின்னிய யானைத் தோள்பையின் படம் வந்திருந்தது. சாம்பல் நிறப் பருத்தி நூல், பையின் வாயை மூடும் துதிக்கை, இரண்டு காதுகளுக்கும் கீழே ஒவ்வொரு பாக்கெட், உள்ளே போனுக்கு ஒன்று. அதைப் பார்த்து தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் கடிதங்கள் குவிந்துவிட்டன. அதனால் இந்த முறை எம்ப்ராய்டரி, கூடை பின்னல் கேள்விகளையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, முழுப் பக்கத்தையும் பைக்கே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அக்கா, மேஜை விரிப்பு, வாசல் தோரணம் எல்லாம் குரோஷாவில் பின்னியிருக்கிறேன். பை மட்டும் பின்னியதில்லை. யானை முகத்தைப் பின்னி வைத்துவிட்டேன், அதை எப்படிப் பையாக்குவது என்று தெரியவில்லை. எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்?
– வாசகி, பாலக்கோடு

அடியிலிருந்து. முகத்தை முதலில் பின்னுகிறவர்கள் எல்லோரும் உங்களைப் போலத்தான் நடுவழியில் நின்றுவிடுகிறார்கள். பை என்றால் அதில் தண்ணீர் பாட்டில் இருக்கும், சாவி இருக்கும், பஸ்ஸில் நாலு பேர் இடிப்பார்கள். அதைத் தாங்குகிற உடம்பு முதலில் வேண்டும். யானை அதற்குப் பிறகு வரட்டும். நீங்கள் பின்னிய முகத்தை ஒரு தலையணை உறையில் தைத்துவிடுங்கள், வீணாகாது.

நூல், நடுத்தரத் தடிமனுள்ள பருத்தி. நூலின் உறையில் 4 மி.மீ. ஊசி என்று போட்டிருக்கும். நான் 3.5 மி.மீ. ஊசிதான் எடுப்பேன். பின்னல் நெருக்கமாக வந்தால்தான் பேனா முனை வெளியே நீட்டாது. என் கைக்கு 10 செ.மீ. அகலத்தில் 18 சிங்கிள் (குட்டையான, நெருக்கமான கண்ணி) வருகிறது, இரண்டு சுற்றுக்கு 1 செ.மீ. உயரம். உங்கள் கைக்கு எவ்வளவு என்று உள்ளங்கை அளவு சதுரம் ஒன்று பின்னிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். மேஜை விரிப்பில் இதைப் பார்க்காமல் தப்பிக்கலாம். பையில் முடியாது.

அடிப்பகுதி நீள்வட்டம். 41 செயின் (சங்கிலிக் கண்ணி) போடுங்கள். ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்கி 39 சிங்கிள், கடைசிச் செயினில் 3. அப்படியே திரும்பி மறுகரையில் 38, முதல் செயினுக்கு வந்ததும் அதில் 2. எண்ணினால் 82 இருக்க வேண்டும். அடுத்த சுற்றில் இரண்டு முனையிலும் மூன்று மூன்று கண்ணிகளில் இரட்டிப்பாகப் போடுங்கள், 88 ஆகும். அதற்கடுத்த சுற்றுகளிலும் முனைக்கு மூன்று வீதம் கூட்டி, 94, பிறகு 100. இங்கே கூட்டுவதை நிறுத்திவிடுங்கள். ஐந்தாவது சுற்றைக் கண்ணியின் பின் இழையில் மட்டும் பின்னினால் அடி மடிந்து நிற்கும், பை மேஜை மேல் உட்காரும். அதையும் சேர்த்து 50 சுற்று நேராக மேலே. கிட்டத்தட்ட 27 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம், அடியில் 4 செ.மீ. கனம். சின்னப் பிள்ளைக்கு என்றால் 31 செயினில் தொடங்குங்கள், சுற்று 80 கண்ணியில் நிற்கும்.

துதிக்கைதான் மூடி. பின்பக்க விளிம்பின் நடுவில் 12 கண்ணி எடுத்து 20 வரிசை நேராகப் பின்னுங்கள். அது வாயைத் தாண்டி வந்து நெற்றியாக விழும். பிறகு மூன்று வரிசைக்கு ஒருமுறை, ஒருதடவை இடது ஓரம், ஒருதடவை வலது ஓரம் என்று இரண்டு கண்ணியை ஒன்றாக்குங்கள். 18 வரிசையில் 6 கண்ணிக்குச் சுருங்கிவிடும். அந்த இடத்தில் 2 சிங்கிள், 2 செயின், கீழே 2 கண்ணியை விட்டு மறுபடி 2 சிங்கிள். அதுதான் பட்டன் ஓட்டை. அதற்கு மேல் இரண்டு வரிசை பின்னி, ஒரு ஓரத்தில் மட்டும் மூன்று கண்ணியில் சின்ன நீட்டல் விடுங்கள். நம் யானைக்குத் துதிக்கை நுனியில் ஒரே விரல்தான். ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு. பலர் பின்னும் யானைகளில் இது கவனிக்கப்படுவதே இல்லை. காதும் அப்படித்தான். தோள் வரை விரிந்த பெரிய முறக்காது ஆப்பிரிக்க யானையுடையது. நம்முடையது சிறியது, மேலே அகன்று கீழே ஒரு முனையாக இறங்கும்.

காதுக்கு 21 செயின், 20 சிங்கிள். 12 வரிசை நேர். பிறகு ஒரே ஓரத்தில் மட்டும் வரிசைக்கு ஒன்று குறைத்து 12 வரிசை. 8 கண்ணியில் முடியும். இதே மாதிரி இரண்டு. ஒரு காதுக்கு இடது, இன்னொன்றுக்கு வலது என்று தனிக் கணக்கு போட வேண்டாம். வரிசைக்கு வரிசை திருப்பிப் பின்னுவதால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஒன்றைப் புரட்டி வைத்தால் சரியாகிவிடும்.

பாக்கெட்டுகள் 16 சிங்கிள் அகலம், 18 வரிசை. ஏறக்குறைய 9 செ.மீ. சதுரம். பையின் முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் இவற்றைத் தைத்த பிறகுதான் அதன்மேல் காதை வைக்க வேண்டும். காதின் மேல்விளிம்பை மட்டும் தையுங்கள். அப்போதுதான் தூக்கினால் திறக்கும், விட்டால் தானாக மூடிக்கொள்ளும். என் பேத்தி இடது காதில் பஸ் காசும் வலது காதில் ரப்பர் பேண்டும் வைத்திருக்கிறாள். தைக்கும் இடத்தைக் கண்ணி எண்ணிக் குறிக்காதீர்கள். சுற்றிச் சுற்றிப் பின்னும்போது சிங்கிள் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் நகரும். 50 சுற்றில் அந்தச் சாய்வு நன்றாகத் தெரியும். பையைத் தட்டையாக வைத்து அளவு நாடாவால் குறியுங்கள்.

உள்ளே போன் பாக்கெட் 18 சிங்கிள், 30 வரிசை. அதைப் பையின் அடியோடு சேர்க்காமல் நாலு சுற்று மேலே தள்ளித் தையுங்கள். பையைத் தரையில் வைக்கும்போது போன் இடிபடாது. போனின் தலை ஒரு விரல் அகலம் வெளியே நீட்டும். எடுக்க அது வேண்டும்.

உல்லனில் முயல் பை பின்னினேன். முதல் வாரம் இடுப்பில் இருந்தது. இப்போது பட்டை நீண்டு முழங்காலில் இடிக்கிறது. பிரித்துவிடலாமா?
– காவேரிப்பட்டணம்

முயலைப் பிரிக்க வேண்டாம், பட்டையை மட்டும் வெட்டி எடுங்கள். எனக்கும் இது நடந்தது. என் முதல் பை ஒரு பூனை. உல்லன் நூல், டபுளில் (சிங்கிளைவிட உயரமான, இடைவெளி விழும் கண்ணி) விறுவிறுவென்று முடித்தது. ராயக்கோட்டை சந்தையில் இரண்டு கிலோ தக்காளியை அதில் போட்டுக்கொண்டு கிருஷ்ணகிரி பஸ்ஸில் நின்றபடி வந்தேன். பழையபேட்டையில் இறங்கும்போது பை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. டபுளின் இடைவெளி வழியாகச் சில்லறை எங்கெங்கோ விழுந்துவிட்டது. டிக்கெட் போக மீதி எட்டு ரூபாய் அது. அன்று எனக்கு அது பெரிய காசு. அழுதுகொண்டேதான் வீட்டுக்கு நடந்தேன். அதற்குப் பிறகு நான் பைக்கு டபுளைத் தொட்டதில்லை.

பட்டை நீள்வதற்குக் காரணம், அதை அகலவாக்கில், ஏழெட்டு கண்ணி வீதம் நூற்றுக்கணக்கான குட்டி வரிசைகளாகப் பின்னுவதுதான். எடை விழ விழ ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் இளகும். நீளவாக்கில் பின்னுங்கள். என் பைக்கு 211 செயின், அதன்மேல் 210 சிங்கிளாக 8 வரிசை. செயினை மட்டும் 4 மி.மீ. ஊசியில் போடுங்கள், இல்லாவிட்டால் அந்த ஓரம் இறுகிப் பட்டை வில்லாக வளையும். பின்னிய பிறகு அடிப்பக்கத்தில் பருத்தி நாடா ஒன்றை முழு நீளத்துக்கும் கையால் தையுங்கள். எடையைத் தாங்கப்போவது அந்த நாடாதான்.

இன்னொன்று. பட்டையைப் பையின் வாயோரத்தில் மட்டும் ஒட்டவைத்தாற்போல் தைத்து நிறுத்தாதீர்கள். இரண்டு பக்கமும் அடி வரைக்கும் இறக்கித் தையுங்கள். பட்டையின் 4 செ.மீ. அகலமும் பையின் கனமும் ஒன்றாக இருப்பது இதற்காகத்தான். அப்படி இறக்கிவிட்டால் பை பட்டையில் உட்கார்ந்திருக்கும், வாய் இழுபடாது. 210 கண்ணியில் 50 செ.மீ. இந்த இரண்டு பக்கத்துக்கே போய்விடும், தோளுக்கு 66 செ.மீ. மீதி. குறுக்காகப் போட வேண்டுமானால் ஒரு கயிற்றைத் தோளில் போட்டு அளந்து, அந்த நீளத்தோடு 50 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

பழைய குரோஷா புத்தகம் ஒன்றைப் பார்த்துப் பின்னினேன். கண்ணி எண்ணிக்கை சரி, ஆனால் பை இரண்டு மடங்கு உயரம். ஏன்?
– ஓசூர்

பிரிட்டிஷ் முறைக்கும் அமெரிக்க முறைக்கும் பெயர் மாறும். அமெரிக்கர்கள் சிங்கிள் என்பதைத்தான் பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்பார்கள். உங்கள் புத்தகம் பிரிட்டிஷ் முறையாக இருக்கும், நீங்கள் வீடியோவில் கற்ற அமெரிக்க டபுளைப் போட்டிருப்பீர்கள். புத்தகத்தில் சிங்கிள் என்ற சொல் எங்காவது வருகிறதா பாருங்கள். வந்தால் பெரும்பாலும் அமெரிக்க முறை. இப்போதைய பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது. இந்தப் பக்கத்தில் நான் சிங்கிள் என்று எழுதுவது அமெரிக்கக் கணக்கு.

எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டை பக்கம். ராகி விளைந்தால் யானை வந்துவிடும். என் மாமனார் போன வருடம் வயல் காவல் பரணில் கிடந்தும் பாதி வெள்ளாமை போயிற்று. மகன் யானைப் பை கேட்கிறான். மாமனார், அந்த உருவத்தை வீட்டுக்குள் கொண்டுவராதே என்கிறார். என்ன செய்ய?
– பெயர் வேண்டாம் என்றவர்

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன், கண்ணு. நான் யானையை அழகான உருவமாக மட்டும் நினைத்துப் பின்னியவள். பன்னார்கட்டா காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக அவை இறங்கி வருகிற ஊர்களில் அந்த உருவத்துக்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரவெல்லாம் தகரம் தட்டி விழித்துக் கிடந்த மனிதருக்கு, விடிந்ததும் பேரன் தோளில் யானை தொங்குவதைப் பார்க்க மனம் வராது. மாமனார் சொல்வதைக் கேளுங்கள்.

பையனிடம் ஆலம்பாடி மாடு பின்னித் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். காவிரிக்கரைக் காட்டோரம், பென்னாகரம் பக்கமெல்லாம் வளர்ந்த உழவு மாடு. மாமனார் காலத்தில் உங்கள் வீட்டில்கூடக் கட்டியிருப்பார்கள், அவரையே கேளுங்கள். கொம்பு எப்படி வளைந்திருக்கும், நெற்றியில் வெள்ளை எதுவரை இறங்கும் என்று அவர் சொல்லச் சொல்ல நீங்கள் பின்னலாம்.

உடம்பும் பட்டையும் யானைப் பைக்குச் சொன்ன அதே கணக்கு. நூல் கருஞ்சாம்பல். முன்பக்கத்தில் மாட்டின் முகமே ஒரு பெரிய பாக்கெட்டாக இருக்கட்டும். கொம்புக்கு நடுவில் வாய் திறந்து, கீழே மூக்கில் மூடியிருக்கும். மூக்கிலிருந்து மேலே பின்ன வேண்டும். 14 சிங்கிளில் தொடங்கி, 10 வரிசைக்குள் இரண்டு ஓரமும் கூட்டிக் கூட்டி 24-க்கு வந்து, பிறகு 20 வரிசை நேர். நெற்றிக்கு வெள்ளை நூலில் ஒரு திட்டு தனியாகப் பின்னி மேலே தையுங்கள், நடுவில் நிறம் மாற்றிக்கொண்டிருப்பதைவிட இது சுலபம். கொம்புக்கு 6 சிங்கிள் சுற்று, விரல் நீளம். ஒரு பக்கமாக நூலை ஓட்டி இழுத்தால் தானாக வளையும். அந்தக் கொம்பு முன்னால் வளையாது, பின்னால் சாய்ந்து போகும். பஞ்சு திணித்து நிமிர்த்தி வைக்காதீர்கள். பஸ்ஸில் யார் தலைமுடியிலாவது மாட்டும். படுக்கவைத்துப் பையோடு தைத்துவிடுங்கள்.

இந்தப் பைக்குத் துதிக்கை இல்லாததால் மேல்வாய்க்கு ஜிப் வைக்க வேண்டும். ஜிப்பின் இழுப்பானில் ஒரு சின்னப் பித்தளை மணி கட்டுங்கள். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மாட்டுக் கயிறு விற்கிற இடத்தில் கேட்டுப் பாருங்கள். மாமனாரையே வாங்கி வரச் சொல்லலாம். பை முடிந்ததும் எனக்கு ஒரு படம் அனுப்புவீர்களா? இந்தக் கடிதத்துக்கு மட்டும் மறுகடிதம் எதிர்பார்க்கிறேன்.

நான் கல்லூரி மாணவன், இடது கைப் பழக்கம். பாட்டி சொல்லிக்கொடுத்தால் எல்லாம் தலைகீழாக இருக்கிறது.
– கிருஷ்ணகிரி

பாட்டிக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள் தம்பி, எதிரில் உட்காருங்கள். அவர் வலது கை செய்வதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல உங்கள் இடது கை செய்யட்டும். நீங்கள் இடமிருந்து வலமாகப் போவீர்கள், அது தவறில்லை. என் கணக்குகள் அப்படியே பொருந்தும். கண்ணி சாய்வது மட்டும் உங்களுக்கு இடப்பக்கமாக இருக்கும்.

பார்த்தவர்கள் எல்லாம் எனக்கொன்று, எனக்கொன்று என்கிறார்கள். விலை சொன்னால், 'நூலுக்கு என்ன ஆகிவிடப் போகிறது, வீட்டில் சும்மா இருக்கும்போது பின்னுவதுதானே' என்கிறார்கள். 200 ரூபாய்க்கு மேல் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.
– தருமபுரி

அந்தச் 'சும்மா' என்ற சொல்லை நான் முப்பது வருடமாகக் கேட்கிறேன். யானைப் பையில் எத்தனை கண்ணி என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? அடி 364. சுவர் 5,000. காது இரண்டும் 804. துதிக்கை ஏறக்குறைய 400. பாக்கெட் மூன்றும் சேர்த்து 1,116. பட்டை 1,680. மொத்தம் 9,300-ஐத் தாண்டுகிறது. நிமிடத்துக்குப் பன்னிரண்டு சிங்கிள் போடுகிற கைக்குக்கூட 13 மணி நேரம். நாடா, உள்துணி, பட்டன் தைக்க இன்னும் நான்கு மணி நேரம். முழுதாக இரண்டு நாள் வேலை.

கடையில் மலிவாகத் தொங்குகிற குரோஷாப் பையும் யாரோ ஒருவர் கையால் பின்னியதுதான். ஆந்திராவில் நரசாபுரம் பக்கத்துப் பெண்கள் பல தலைமுறையாகக் குரோஷா லேஸ் பின்னுகிறார்கள். அது கடல் கடந்து விற்றது. வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வதுதானே என்று சொல்லியே அவர்களுக்குக் கூலியைக் குறைத்தார்கள். 2024-இல் அந்த லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் குறைந்த கூலிதான்.

உங்கள் ஊரில் தையல் கடைக்கு இரண்டு நாள் வேலைக்குப் போனால் என்ன தருவார்கள்? அதை எழுதுங்கள். நூல், நாடா, துணி, பட்டன் செலவைக் கூட்டுங்கள். அதுதான் விலை. ஒரு சீட்டில் எழுதிப் பையோடு கொடுங்கள். வாங்காதவர்கள் வாங்காமல் போகட்டும். அவசரமாகக் காசு வேண்டுமானால் பையை மலிவாக விற்காமல், காது பாக்கெட்டை மட்டும் தனிச் சில்லறைப் பர்ஸாகப் பின்னுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஒன்று முடியும், விலையும் கேட்பவருக்குக் கட்டும்.

உறவுக்காரர்களுக்குச் சும்மா கொடுக்கத் தோன்றினால் கொடுங்கள். அது உங்கள் அன்பு. ஆனால் பாதி விலைக்கு மட்டும் யாருக்கும் தராதீர்கள்.

உள்துணி அவசியமா? துவைப்பது எப்படி?
– ஊத்தங்கரை

அவசியம். பழைய பருத்திப் பாவாடைத் துணி போதும், ஆனால் நிறம் விடாததாக இருக்கட்டும். புதுத் துணி என்றால் ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிட்டு வெட்டுங்கள், தைத்த பிறகு சுருங்கினால் பை உள்ளுக்குள் இழுத்துக்கொள்ளும். போன் பாக்கெட்டைத் துணியிலேயே தைத்துவிட்டுப் பிறகு பைக்குள் இறக்கினால் கை நுழைத்துத் திணற வேண்டாம்.

நூலுக்கும் ஒரு சோதனை உண்டு. ஒரு முழம் வெட்டி நனைத்து, வெள்ளைத் துணியில் சுருட்டி இரவு முழுக்க வையுங்கள். ஒருமுறை நான் ஒரு கடையில் வாங்கிய சிவப்பு நூல், வெள்ளை யானையின் காதோரத்துக்குப் போட்டது, முதல் மழையிலேயே முகம் முழுக்க இறங்கிவிட்டது.

துவைக்கும்போது பாக்கெட்டுகளைத் திறந்து காசு, சாவி இருக்கிறதா பாருங்கள். குளிர்ந்த தண்ணீரில் முக்கி எடுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். ஒரு துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் தண்ணீர் போய்விடும். கொடியில் தொங்கவிடாமல், நிழலில் பாய்மேல் தட்டையாக வையுங்கள். காதுகளை மேலே தூக்கிவிட்டுக் காயவையுங்கள், இல்லாவிட்டால் அடியிலிருக்கும் பாக்கெட் மறுநாளும் ஈரமாகவே இருக்கும்.